லில்லி என்ற பெயரின் பின்பக்கம்

1. பதினோராம் நாள்

எழுத்து மேசைக்கு வந்த பதினோராம் நாள் மத்தியானம், ஆறு தலையணை உறைகளிலும் நான் போட்ட பெயர் திரும்பி நிற்கிறது என்று தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் எழுத்து எப்படித் தெரியுமோ அப்படி. கண்டுபிடித்தது நானில்லை. எனக்கு அப்போது இங்கிலீஷ் எழுத்து நேராக நின்றாலும் ஒன்றுதான், புரண்டு கிடந்தாலும் ஒன்றுதான்.

தையல் பழகுகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு நாள் ஆகும். வாசிக்கிறவர்களும் பைய வாசிக்கலாம்.

என் பெயர் ஜெபக்கனி. ஊர் சீவலப்பேரி. பத்து வயதில் நாற்றுக் கட்டைக் கையில் எடுத்தேன். பதினெட்டு வயதில் பாளையங்கோட்டையில் மிஷன்காரர்கள் நடத்திய ஒரு பூவேலைக் கூடத்தில் சேர்ந்தேன். முப்பது பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். பாதிப் பேர் பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்து துணிக்கு ஓரம் மடிப்பார்கள். சன்னலை ஒட்டி ஒரு நீள மேசையும் ஆறு நாற்காலியும் கிடந்தன. அதற்குத்தான் எழுத்து மேசை என்று பெயர். கல்யாணப் பெண்ணின் பெயரைத் தலையணை உறையிலும் கைக்குட்டையிலும் நூலால் எழுதுகிற வேலை அங்கே நடக்கும். அந்தக் காலத்துப் பெயர் எழுத்தெல்லாம் சேர்த்தெழுத்து. பேனாவைத் தூக்காமல் ஒரே ஓட்டமாக எழுதியது போல் இருக்க வேண்டும்.

நான் ஒரு வருடம் ஓரம் மடித்தேன். என் தையல் பொடியாக இருக்கும், பின்பக்கம் முடிச்சே இருக்காது. கூடத்துக்குப் பொறுப்பு ரூபி டீச்சர். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"நீ எதுவரைக்கும் படிச்சிருக்க?"

"அஞ்சாங்கிளாஸ், டீச்சர்."

"இங்கிலீஷ் எழுத்து தெரியுமா?"

"தெரியும், டீச்சர்."

இரண்டுமே பொய். அந்த நாற்காலி மேல் எனக்கு அவ்வளவு ஆசை. நாற்காலி கிடைத்த அன்று சாயங்காலமே அம்மா சீவலப்பேரி முழுக்கச் சொல்லிவிட்டாள். "எம்மவளுக்கு எழுத்து வேல. நாக்காலியில உக்காந்து பாக்குதா." ஊர்க்காரர்கள் நான் ஏதோ ஆபீஸ் கிளார்க் ஆகிவிட்டதாக நினைத்தார்கள். தபால்காரர் எங்கள் தெருவுக்கு வரும் கடிதத்தை எல்லாம் என்னிடம் கொடுத்து, "படிச்சுச் சொல்லும்மா" என்றார். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன். நாற்காலி போனால் கூடத்தில் மட்டும் அவமானம் இல்லை, ஆற்றுத்துறை வரைக்கும் அவமானம். இப்படி ஒரு நிலையில்தான் லில்லி வந்தாள்.

லில்லி என்பது ஒரு கல்யாணப் பெண். அவள் பெயரை ஆறு உறைகளில் போட வேண்டும், சனிக்கிழமை கொடுக்க வேண்டும் என்று ரூபி டீச்சர் தாளை என்னிடம் தந்தார்.

தாள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மெழுகுத்தாளில் எழுத்தை வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்தி ஓட்டை போட்டிருப்பார்கள். அதைத் துணி மேல் வைத்து, நீலத்தை மண்ணெண்ணெயில் குழைத்து ஒரு துணிப்பந்தால் தேய்த்தால், ஓட்டை வழியாக எழுத்து துணியில் புள்ளி புள்ளியாக இறங்கும். அந்தப் புள்ளி வழியே தைக்க வேண்டும். தாளை எந்தப் பக்கம் வைப்பது என்று எழுத்துத் தெரிந்தவர்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். நான் விரலால் தடவிப் பார்ப்பேன். ஊசி குத்தி வெளியே வந்த பக்கம் சொரசொரவென்று இருக்கும். அது துணி மேல் படிய வேண்டும். வழவழப்பு மேலே. அதுவரைக்கும் இந்த ஒரு விரல் வித்தையில்தான் நாற்காலியைக் காப்பாற்றி வந்தேன்.

லில்லியின் தாள் பழையது. வெள்ளைக்காரத் துரைசாணி காலத்தில் குத்தியது என்றார்கள். எத்தனையோ லில்லிகளுக்குத் தேய்த்துத் தேய்த்து இரண்டு பக்கமும் வழவழவென்று ஆகிவிட்டது. தடவினேன். ஒன்றும் தெரியவில்லை. கேட்கலாம் என்றால் வாய் வரவில்லை. கர்த்தரே என்று ஒரு பக்கத்தை வைத்தேன். தேய்த்தேன். ஆறு துண்டுக்கும் அப்படியே தேய்த்தேன்.

வெள்ளைத் துணி அழுக்காகக் கூடாது என்று அதைச் சுருட்டி, தைக்கிற இடம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துத் தைப்போம். முடிந்ததை மஸ்லின் துணியில் பொதிந்துவிடுவோம். அதனால் வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பார்த்தவள் மைமூன். மேலப்பாளையத்திலிருந்து வருகிறவள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். தாள் குத்துவது அவள் வேலை. அவளுக்கும் இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஆயிரம் தாள் குத்திய கை.

உறையை விரித்துப் பார்த்தவள் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு என் காதில் சொன்னாள்.

"ஏட்டி ஜெபக்கனி, நாங்க ஓதுத எழுத்துதான் வலப்பக்கமிருந்து வரும். இங்கிலீஷு எப்பட்டி எங்க கட்சியில சேந்துச்சு?"

எனக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் கத்திரியை எடுத்தேன்.

"பிரிச்சுட்டுத் திரும்பத் தைக்கவா?"

"ஆறு உறையையா? நாளைக்குக் காலையில டீச்சர் பாக்கணும். பிரிச்சா ஓட்ட தெரியும். டீச்சர்ட்ட போயிச் சொல்லு."

"செத்தாலும் சொல்ல மாட்டேன்."

"அப்பச் சாவு," என்று சொல்லிவிட்டு மைமூன் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

2. டீச்சர் பார்த்த பக்கம்

ரூபி டீச்சருக்கு ஒரு வழக்கம். யார் வேலையைக் கொண்டு போனாலும் முதலில் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். "முன்பக்கம் ஊருக்கு. பின்பக்கம் கர்த்தருக்கு" என்பார். நூல் தொங்கினால், முடிச்சு துருத்தினால், முன்பக்கத்தைப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

சனிக்கிழமை காலையில் ஆறு துண்டுகளையும் அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றேன். முதல் துண்டைத் திருப்பினார். பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ரொம்ப நல்லா வந்திருக்கு. சரி, பின்பக்கம் பாப்போம்."

திருப்பினார். மறுபடி திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை திருப்பினார். மைமூன் தூரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துகொண்டாள்.

"ஜெபக்கனி, இதுல எது முன்பக்கம்?"

டீச்சர் துணியை என் முன்னால் நீட்டினார்.

"இந்தப் பேர வாசி."

தலையைக் குனிந்துகொண்டேன். அந்த மேசையில் அன்று கேட்ட அந்த ஒரு வார்த்தை, 'வாசி', பல வருடம் என் காதில் கிடந்தது.

"அஞ்சாங்கிளாஸ்னு சொன்னியே?"

"ரெண்டு, டீச்சர்."

"இங்கிலீஷ்?"

"இல்ல, டீச்சர்."

டீச்சர் துணியைக் கீழே வைக்கவில்லை. விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். "பொய் சொன்ன வாய்க்கு உன்ன இப்பவே தரைக்கு அனுப்பணும். ஆனா இந்தக் கை பொய் சொல்லல. பின்பக்கமே முன்பக்கம் மாதிரி இருக்கு. அதனால பின்பக்கத்தையே முன்பக்கமா ஆக்கிருவோம். ஓரத்த மட்டும் பிரிச்சு மாத்தி மடிங்க."

உறையைப் பை மாதிரி மூட்டுவதற்கு முன்னால், துண்டாக இருக்கும்போதே பெயரைப் போட்டுவிடுவது எங்கள் முறை. அதனால் திருப்பி மூட்டிவிடலாம். ஒரே ஒரு வேலை பாக்கி. சேர்த்தெழுத்தில் தடித்த கோடும் உண்டு, மெல்லிய கோடும் உண்டு. தடித்த கோட்டைச் சாட்டின் தையலில் நெருக்கமாக நிரப்புவோம். அது இரண்டு பக்கமும் ஒன்று போல இருக்கும். மெல்லிய கோடு காம்புத் தையல். அது பின்பக்கத்தில் விட்டு விட்டுத் தெரியும். ஆறு உறையிலும் மெல்லிய கோட்டின் மேல் இன்னொரு ஓட்டம் ஓட்ட வேண்டும். மைமூனும் ஊசி எடுத்தாள். மத்தியானச் சாப்பாடு இல்லாமல் தைத்தோம்.

நாலு மணிக்குப் பெண்ணின் அம்மா வந்தார். உறையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "எவ்வளவு பதுவிசா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே எடுத்துப் போனார். எழுத்துக்கு மெத்தென்று இருக்க அடியில் ஓட்டிய நூல் இப்போது தலையணைப் பக்கம் போய்விட்டது அவருக்குத் தெரியாது.

அவர் போன பிறகு டீச்சர் எனக்குத் தவணை கொடுத்தார். "கிறிஸ்மஸ் வரைக்கும் நாற்காலியில இரு. அதுக்குள்ள, தொடாம, கண்ணால பாத்தே எது நேர், எது திரும்பலுன்னு சொல்லணும். தெரியலன்னா பாய்க்குப் போயிரணும். சம்மதமா?"

"சம்மதம், டீச்சர்."

அது நாலு மாதத் தவணை.

3. மனு எழுதுகிறவர்

தாள்களின் மூலையைக் கத்திரித்து அடையாளம் வைக்கலாம் என்றாள் மைமூன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூலை வெட்டிய தாளைப் பார்க்கிறவர்கள் எல்லாம் யாருக்காக என்று கேட்பார்களே. அந்த வீம்பு என்னிடம் இன்றைக்கும் உண்டு.

தபால் ஆபீஸ் வாசலில் ஒரு வேப்பமரத்தடியில் மனு எழுதுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். வயதானவர். நிப்பு மாட்டிய கட்டைப் பேனா, பக்கத்தில் மைக்கூடு. அங்கே போய் நின்றேன்.

"என்னம்மா, மனுவா? மணியார்டரா?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நீங்க எழுதுததப் பாக்கணும்."

"பாக்கதுக்கா? முப்பது வருசமா எழுதுதேன். எழுதுதத வாசிக்கக்கூட எவனும் நிக்க மாட்டான். சும்மா பாக்க வந்த மொத ஆளு நீதான். வெயிலுக்குள்ள வராம அங்கன தள்ளி நில்லு."

தினமும் சாப்பாட்டு நேரத்தில் போய் நிற்பேன். அவர் எனக்கு எதையும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. நிப்பை மட்டும் பார்த்தேன். ஒரு வாரத்தில் ஒன்று பிடிபட்டது. பேனா கீழே இறங்கும்போது நிப்பு காலை விரிக்கிறது, கோடு தடிக்கிறது. மேலே ஏறும்போது நிப்பு காலைச் சேர்த்துக்கொள்கிறது, கோடு மெலிகிறது. அடுத்த வாரம் இன்னொன்று. எழுத்து முழுவதும் ஒரே பக்கம், வலது பக்கம், சாய்ந்திருக்கிறது. மேல்காற்றுக்கு எங்கள் ஊர் நெல் ஒரே பக்கம் சாய்கிற மாதிரி. தமிழ் எழுதினாலும் அவர் கையில் அதே சாய்வு, அதே தடிப்பு, அதே மெலிவு. எழுத்தின் உருவத்தில் பாதி எழுதுகிறவர் கொடுப்பது, மீதி பேனா கொடுப்பது என்று எனக்கு அன்று தெரிந்தது.

அப்படியென்றால், திரும்பின எழுத்து இடது பக்கம் சாயும், தடிப்பும் மெலிவும் பக்கம் மாறி நிற்கும்! இது தெரிய வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. சந்தோஷத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

"என்னத்தக் கண்டு சிரிக்க?" என்றார் அவர்.

"நெல்லு சாஞ்சிருக்கு, அண்ணாச்சி."

"வெயிலுக்குள்ள நிக்காதேன்னு சொன்னா கேக்கியா?" என்று அவர் தம் சொம்புத் தண்ணீரை எடுத்து நீட்டினார்.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் ரூபி டீச்சர் பத்துத் தாளை மேசையில் பரப்பினார். சிலது நேர், சிலது திரும்பல். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்தையும் சொன்னேன். பத்தும் சரி. டீச்சர் "ம்" என்றார். அந்த "ம்"முக்கு ஆறு மாதம் வேலை செய்யலாம்.

பிறகு டீச்சர் லில்லியின் தாளை எடுத்து வைத்து, "எல், ஐ, எல், ஒய்" என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொல்லிவிட்டுப் போனார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அந்த நாலும்தான் நான் தெரிந்துகொண்ட முதல் இங்கிலீஷ் எழுத்துகள். மற்றதெல்லாம் வந்த ஆர்டர்கள் சொல்லிக் கொடுத்தன. மேரி வந்தால் மூன்று எழுத்து, கிரேஸ் வந்தால் இன்னும் மூன்று எழுத்து என்று கூடிக்கொண்டே போயிற்று.

4. நெல் நிமிர்ந்தது

என் வித்தை பத்து வருடம்கூட ஓடவில்லை.

பால்பாயின்ட் பேனா வந்தது. கட்டைப் பேனாவுக்கு இருந்த கால் அதற்கு இல்லை. உருட்டிக்கொண்டு போகிறது. இறங்கினாலும் ஏறினாலும் ஒரே கனம். வருகிறவர்கள் தாங்களே ஒரு காகிதத்தில் பெயரை எழுதிக் கொண்டுவந்து, "இதே மாதிரி போடுங்க" என்றார்கள். தடிப்பும் இல்லை, மெலிவும் இல்லை. என் ஒரு கண் போயிற்று.

அடுத்து நாலு கோடு போட்ட நோட்டில் எழுதிப் பழகிய பிள்ளைகள் கல்யாணப் பெண்களாக வந்தார்கள். உருண்டை உருண்டையான எழுத்து. சேர்ந்திருக்கும், ஆனால் சாயாது. நிமிர்ந்து நிற்கும். என் இரண்டாவது கண்ணும் போயிற்று. பழைய பெரிய எழுத்துகளில் இளங்கொடி மாதிரி ஓடும் சுழிகளைப் பார்த்து, "இந்தப் பூ எதுக்கு? எழுத்து மட்டும் போதும்" என்றார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. மைமூனுக்கு வரவில்லை. "சுழி கொறஞ்சா எனக்குக் குத்து கொறவு. இவளுவ நல்லா இருக்கட்டும்" என்றாள். அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தபோது எனக்கும் கோபம் இறங்கிவிட்டது. உட்கார்ந்து யோசித்தால், எழுத்து இப்படி மாறியதால்தான் நான் நிஜமாகவே எழுத்தைப் படித்தேன். சாய்வையும் தடிப்பையும் வைத்துச் சமாளிக்க முடியாமல் போனபோது ஒவ்வொரு எழுத்தின் முகத்தையும் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

தமிழிலும் இதே கதைதான். திருநெல்வேலியில் எந்த வீட்டுக்குத் துணி தைத்தாலும் மேலே ஒரு 'துணை' வேண்டும். கர்த்தர் துணை, முருகன் துணை, அல்லாஹ் துணை. சாமிதான் வேறே தவிர, துணை எல்லோருக்கும் ஒரே துணைதான். அதற்கு எங்களிடம் ஒரே தாள் இருந்தது. அதில் கடைசி எழுத்துக்கு முன்னால் கொம்பு கிடையாது. எழுத்தின் தலையிலேயே யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு எழும்பி இறங்கும். பள்ளிக்கூடத்தில் தும்பிக்கையை எடுத்துவிட்டு முன்னால் கொம்பு போடச் சொல்லிவிட்டார்கள் என்று தெரிந்ததும் மைமூன் இரண்டாவது தாள் குத்தினாள்.

ஒரு நாள் கல்லிடைக்குறிச்சியிலிருந்து மாமியாரும் மருமகளும் வந்தார்கள். வாசலுக்குப் போடுகிற திரையில் முருகன் துணை. மாமியார் பழைய தாளைக் காட்டினார். மருமகள் பள்ளிக்கூட டீச்சர், புதுத் தாளைக் காட்டினாள்.

"தும்பிக்கை இல்லாத துணை என்ன துணை? மொட்டையா நிக்குதே!" என்றார் மாமியார்.

"அத்தே, எங்கிட்ட படிக்கிற பிள்ளைங்க நம்ம வீட்டுக்கு வரும். டீச்சர் வீட்டுலயே தப்பா எழுதியிருக்குன்னு சொல்லும்."

"அறுவது வருசமா நான் எழுதுதது தப்பா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ரூபி டீச்சர் ஓய்வுபெற்றுப் போயிருந்தார். எழுத்து மேசைக்கு அப்போது நான்தான் பொறுப்பு. நான் கேட்டேன். "வாசத் திரை ரெண்டு பாதியாத்தான தொங்கும்?"

"ஆமா."

"அப்ப ஆளுக்கு ஒரு பாதி."

தும்பிக்கை வைத்த துணை ஒரு பக்கம், கொம்பு வைத்த துணை ஒரு பக்கம். அடுத்த வருடம் மருமகள் மட்டும் இன்னொரு ஆர்டரோடு வந்தாள். "அக்கா, அத்தை என் பாதியத்தான் தினமும் தள்ளிவிட்டுப் போறாங்க. அவங்க பாதி அழுக்காகிடக் கூடாதாம்," என்று சொல்லிச் சிரித்தாள்.

5. வண்ணார்பேட்டை

நான் ஓய்வுபெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. மைமூன் பேரன் வீட்டில் இருக்கிறாள். போனில் தினமும் பேசுவோம்.

வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து மாடியில் முத்துச்செல்வி கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடை வைத்திருக்கிறாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மிஷின் அவளுடையது, கடை அவளுடையது. போன ஆவணியில் எனக்குப் போன் செய்தாள்.

"ஆச்சி, நீங்க அந்த மிஷன் கூடத்துல எழுத்து மேசையில இருந்தவங்கதான? ஒரு பழைய தலகாணி உறை வந்திருக்கு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன்."

டவுன் பஸ் ஏறிப் போனேன். படியில் பைய ஏறினேன். அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், ஆஷ்லின் என்று பெயர். அடுத்த மாதம் கல்யாணம். மேசை மேல் உறை விரித்துக் கிடந்தது. பழுத்த வெள்ளை. மூலையில் பெயர்.

எனக்கு அது யாருடையது என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. மெல்லிய கோட்டின் மேல் இரட்டை ஓட்டம். அப்படி இந்த உலகத்தில் ஆறு உறைதான் உண்டு.

ஆஷ்லின் சொன்னாள். "எங்க பாட்டியோடது. இதே எழுத்து என் கல்யாண முக்காட்டுத் துணி ஓரத்துல வேணும். பாட்டி என் கல்யாணத்தப் பாக்க இல்ல. அதனால இதாவது கூட இருக்கட்டும்னு."

முத்துச்செல்வி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். "போட்டோ எடுத்துப் போட்டுப் பாத்தேன், ஆச்சி. கம்ப்யூட்டருக்குப் பேனா எங்க ஆரம்பிச்சு எங்க போகுதுன்னு தெரியல. துண்டு துண்டா வெட்டுது. இருபது இடத்துல நூல அறுக்குது. எனக்கும் எங்க ஆரம்பம், எங்க முடிவுன்னு புரியல. பி.காம். படிச்சு என்ன, இதுல ஒரு எழுத்தக்கூட வாசிக்க முடியல."

"எனக்கும்தான்," என்றாள் ஆஷ்லின். "பாட்டி பேரு தெரியும். இந்தச் சுழியில அந்தப் பேரு எங்க இருக்குன்னுதான் தெரியல." சொல்லிவிட்டு உறையை என் பக்கம் நகர்த்தினாள். "நீங்க வாசிங்க, ஆச்சி."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். கண்ணாடி இல்லாமலும் முடியும், ஆனாலும் போட்டுக்கொண்டேன். விரலை முதல் சுழியில் வைத்தேன்.

"இங்கன ஆரம்பிக்கும். மேல ஏறி, வளைஞ்சு, தடிச்சு இறங்கி, கீழ ஒரு சின்னச் சுழி. இது எல். கைய எடுக்காத. இது ஐ. இதோ நெட்டையா ஏறி இறங்குது, இன்னொரு எல். கடைசில வாலு கீழ போயிச் சுத்தி வருது பாரு, ஒய். லில்லி."

ஆஷ்லின் தன் விரலை வைத்து அதே வழியில் ஒரு தடவை போனாள். இரண்டாம் தடவை போகும்போது அவள் கண் கலங்கியிருந்தது. முத்துச்செல்வி அதற்குள் கம்ப்யூட்டரில் நான் சொன்ன வழியை வரைய ஆரம்பித்துவிட்டாள். "பைய, ஆச்சி. இன்னொரு தடவ சொல்லுங்க. ஏறும்போது சன்னமா? இறங்கும்போது தடிப்பா? சரி, சரி." சாய்வு எவ்வளவு என்று கேட்டாள். மேல்காற்று நெல் என்றேன். "கம்ப்யூட்டர்ல அப்படி ஒரு அளவு இல்லையே," என்று சிரித்துக்கொண்டே சரியாகச் சாய்த்தாள்.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. தடிப்பை அளக்க அவள் உறைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். கெட்டிக்காரி. விரல் அங்கேயே நின்றது.

"என்ன ஆச்சி, எழுத்து உப்பலா இருக்க அடியில ஓட்டுற நூலு உள்பக்கம் இருக்கு? வெளிய தெரியுதது பின்பக்கம்லா?"

ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ரூபி டீச்சர் இல்லை. மைமூன் சொல்ல மாட்டாள். பழைய காலத்தில் அப்படித்தான் தைப்போம் என்று நான் சொன்னால் இரண்டு பேரும் நம்பிவிடுவார்கள். என் வாய் அதைச் சொல்லக்கூடத் திறந்தது. ஆனால் ஆஷ்லின் இன்னும் விரலை எடுக்கவில்லை. அவள் பாட்டியின் உறை அது. அதில் இன்னொரு பொய்யை வைத்து மூட்ட எனக்கு மனம் வரவில்லை.

சொன்னேன். அஞ்சாங்கிளாஸ் பொய்யிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

ஆஷ்லின் கண்ணை அகல விரித்தாள். "அப்ப எங்க பாட்டி ஆயுசு முழுக்கத் தப்பு மேலயா தலை வச்சுப் படுத்தாங்க?"

"மேல சரியாத்தான் இருந்துச்சு, தாயி. தப்பு உள்ளுக்குள்ள இருந்துச்சு."

அவள் சிரித்த சிரிப்பில் மிஷின் பக்கத்தில் வேலை செய்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். முத்துச்செல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஆச்சி, நான் கட தொறந்த மொத மாசம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முப்பது பேட்ஜ். திருப்பி விடுத பட்டன் அழுந்தினது தெரியாம முப்பதையும் அடிச்சுட்டேன். மிஷின் வேல, பின்பக்கம் ஒரே நூல் குப்பை. உங்கள மாதிரி திருப்பி மூட்டக்கூட முடியல. முப்பதும் போச்சு. இன்னைக்கு வரைக்கும் யார்ட்டயும் சொன்னதில்ல."

"இப்பச் சொல்லிட்டல்லா. இனிமே கனக்காது," என்றேன்.

கிளம்பும்போது ஆஷ்லினிடம், பாட்டி பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரையும் எழுதச் சொன்னேன். "ஐயோ, நான் பேனா பிடிச்சே ரொம்ப நாளாச்சு. எல்லாம் போன்ல தட்டுறதுதான்," என்று கூச்சப்பட்டுக்கொண்டே எழுதினாள். எழுத்து ஒன்றோடு ஒன்று சேரவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்கள் மாதிரி தனித்தனியாக நின்றது.

"இதச் சேத்துக் குடுக்கவா?" என்று கேட்டாள் முத்துச்செல்வி.

"வேண்டாம். அது அவ கை. எங்க துரைசாணி சாச்சு எழுதினா, நாலு கோடு நோட்டுல பழகின பிள்ளைய நிமித்தி எழுதுச்சு, இவ தள்ளித் தள்ளி எழுதுதா. இருக்கபடியே போடு."

முக்காட்டுத் துணியின் ஓரத்தில் இரண்டு பெயரும் இருக்கின்றன. லில்லி ஒரே நூலில், நடுவில் ஓர் இடத்தில்கூட அறுபடாமல் ஓடியது. ஆஷ்லின் ஆறு எழுத்தாக நின்றது. தைக்கிற அன்று நானும் போயிருந்தேன். முடித்ததும் முத்துச்செல்வி துணியை எடுத்து, என்னிடம் நீட்டுவதற்கு முன்னால், தானாகவே பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். தொங்கிய நூல்களைக் கத்திரியால் ஒவ்வொன்றாக நறுக்கினாள். நான் "ம்" என்று மட்டும் சொன்னேன்.

பிள்ளைகளே, எழுத்து மாறிக்கொண்டுதான் இருக்கும். பேனா மாறினால் மாறும், பள்ளிக்கூடம் சொன்னால் மாறும், போன் வந்தால் மாறும். நான் கற்ற அடையாளம் ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து வருடத்துக்கு மேல் உதவவில்லை. ஒவ்வொன்று போனபோதும் புதிதாக ஒன்று தெரிந்துகொண்டேன். அது நஷ்டமில்லை. தவறும் வரும், ஒளிக்க ஆசையும் வரும். வேலையின் பின்பக்கத்தை மட்டும் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்காவது ஒரு நாள் அதுவே முன்பக்கமாக நிற்க வேண்டி வரலாம்.